கையெழுத்துப் போட்ட வெத்துக் கார்டு

பல்கலைக்கழக நூலகத்துக்கு அடியில, பதினெட்டுப் படி இறங்கினா வர்ற நீளமான ஹால்தான் எங்க பிரஸ். விடைத்தாள், பாடக் குறிப்பு, துறை மலர், பட்டமளிப்பு விழாப் புத்தகம்னு இந்த வளாகத்துல காகிதமா வெளிய போறது எல்லாமே இங்க இருந்துதான் போகும். எந்த வேலை எந்த மெஷின்ல, எந்தத் தாள்ல, என்னிக்கு ஓடணும்னு முடிவு பண்றவ நான். பிளானிங் மேசை. பதினாறு வருஷமா அதே மேசை. பேராசிரியருங்க எல்லாரும் "நாளைக்கே வேணும்"னுதான் வந்து நிப்பாங்க. ஒரு வருஷம் முன்னாடியே தேதி குறிச்ச கருத்தரங்குக்கு, முந்தின நாள் சாயந்திரம்தான் ஞானம் பிறக்கும். "நாளைக்கு வேணும்னா போன வாரமே வந்திருக்கணும் சார்"னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அதை யாரும் வந்து எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்க மேனேஜரை எல்லாரும் லென்ஸ் சார்னுதான் சொல்லுவோம். சட்டைப்பையில எப்பவும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். அவர் ரெண்டு மாசத்துல ஓய்வு பெறப் போறார். அவர் நாற்காலிக்கு என் பேரை எழுதி மேலே அனுப்பியாச்சு. பதிவாளர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்துதான் பாக்கி. நான் ஒண்ணும் சன்னியாசி இல்லை, அந்த நாற்காலி எனக்கு வேணும். பதினாறு வருஷமா மத்தவங்க அவசரத்தை எல்லாம் என் தலையில சுமந்திருக்கேன், ஒருநாள் அந்தக் கண்ணாடி அறைக்குள்ள உக்காந்து நானும் நாலு பேரை அவசரப்படுத்திப் பாக்கணும்.

பிரஸ்ஸுல ஒரு சட்டம் உண்டு. பிளானிங் மேசையோட கையெழுத்து இல்லாம எந்த மெஷினும் ஓடக்கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜாப் கார்டு. என்ன தாள், எத்தனை பக்கம், எப்படி மடிப்பு எல்லாம் பச்சை மையில எழுதி, கீழே நான் கையெழுத்துப் போடணும். நான் எழுதினது தப்புன்னா தப்பு என்னோடது. எழுதினபடி ஓட்டலைன்னா தப்பு ஆபரேட்டரோடது. கார்டுதான் சாட்சி.

இப்ப நான் பண்ண தப்பையும் சொல்லிடறேன். நான் லீவு போட்டா சின்னச் சின்ன நோட்டீஸ் கூட ஓடாம நிக்கும். அதனால கையெழுத்து மட்டும் போட்ட அஞ்சு வெத்துக் கார்டை மேசை டிராயர்ல வெச்சுட்டுப் போவேன். சட்டப்படி கூடாது. லென்ஸ் சாருக்கும் தெரியும், அவரும் கண்டும் காணாம இருந்தார். டிராயர் சாவி பெரிய மெஷின் ஆபரேட்டர்கிட்ட இருக்கும். அவர் வேற யாரும் இல்லை, என் தங்கச்சி வீட்டுக்காரர்.

ஏழு வருஷம் முன்னாடி அவர் வேலை இல்லாம வீட்டுல உக்காந்து, தங்கச்சி சம்பளத்துல குடும்பம் ஓடினப்ப, லென்ஸ் சார்கிட்ட நடையா நடந்து அவரை உள்ளே கொண்டுவந்தவ நான். நல்ல கை. ஆனா கவனம் பத்தாது. மெஷின் ஓடும்போது பேச்சுக் கச்சேரி நடத்துவார். ஏற்கெனவே ரெண்டு தடவை எழுத்துல எச்சரிக்கை வாங்கிட்டார். மூணாவது வந்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "தம்பி, வாயை மூடிட்டு மெஷினைப் பாருங்க, உங்களுக்காக ஒரு தடவைதான் நான் யார் காலையும் பிடிப்பேன்"னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். சிரிச்சுக்கிட்டே "சரி அண்ணி"ம்பார்.

பட்டமளிப்பு விழாப் புத்தகம் முப்பத்திரண்டு பக்கம். ஒரு பெரிய தாள்ல முன்னால எட்டுப் பக்கமும் பின்னால எட்டுப் பக்கமும் அடிச்சு மடிச்சா பதினாறு பக்கம் கிடைக்கும், அதுக்குப் பேர் ஒரு ஃபாரம். ஆக ரெண்டு ஃபாரம். முன்பக்கம் ஓடி முடிஞ்சதும் தாள் கட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் ஓட்டணும். புத்தகத்து ஏட்டைப் புரட்டுற மாதிரி பக்கவாட்டுல திருப்பணுமா, இல்லை சுவர் காலண்டர் தாளைத் தூக்கிப் போடுற மாதிரி தலைப்பக்கமாத் திருப்பணுமாங்கறது கார்டுல இருக்கும். மாத்தித் திருப்பினா போச்சு, பின்பக்கம் முழுக்கத் தலைகீழா நிக்கும். அதனாலதான் நான் ஒரு சின்னத் தாளை மடிச்சு, பக்க எண் போட்டு, டம்மி செஞ்சு பாக்காம எந்தக் கார்டும் எழுத மாட்டேன். அந்தத் திங்கக்கிழமையும் டம்மி செஞ்சேன். ரெண்டு ஃபாரத்துக்கும் பக்கவாட்டுத் திருப்பல்னு எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ரெண்டு நாள் லீவு.

வியாழக்கிழமை காலையில படி இறங்கும்போதே ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சுது. மெஷின் சத்தம் இல்லை. பைண்டிங் பக்கம் இருக்கிறவங்க என்னைப் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. கண்ணாடி அறைக்குள்ள லென்ஸ் சார் ஒரு அச்சடிச்ச தாளையும் ஒரு கார்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு உக்காந்திருந்தார்.

"ரெண்டாவது ஃபாரம் நாலாயிரம் தாளும் வீண்மா. பட்டம் வாங்குற பசங்க பேர் எல்லாம் தலைகீழா நிக்குது. விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. அந்தத் தாள் திரும்ப வரப் பதினஞ்சு நாள் ஆகும்."

"யார் சார் திருப்பினது?"

"கார்டுல எழுதினபடிதான் திருப்பியிருக்காங்க."

கார்டை எடுத்துப் பாத்தேன். பச்சை மை. என் கையெழுத்து. "ஃபாரம் 2: தலைப்பக்கமாகத் திருப்பவும்." எழுத்தும் என்னோட எழுத்துதான். 

நான் எழுதலைன்னு அப்பவே கத்தியிருக்கணும். கத்தலை. ஏன்னா நான் நம்பிட்டேன். அம்மா ஆபரேஷன் நினைப்புல கை தவறி எழுதிட்டேனோன்னு தோணிடுச்சு. பதினாறு வருஷத்துல ஒரு தடவை சறுக்காதா என்ன, யானைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. "திங்கக்கிழமை பதிவாளர் ஆபீஸ்ல இருந்து விசாரணைக்கு வர்றாங்க"ன்னார் லென்ஸ் சார். நாற்காலியைப் பத்தி அவரும் பேசலை, நானும் கேக்கலை. ரெண்டு பேருக்கும் தெரியும்.

நேரா பெரிய மெஷின்கிட்டப் போனேன். தங்கச்சி வீட்டுக்காரர் துணியால ரோலரைத் துடைச்சுட்டு இருந்தார்.

"தம்பி, என்னால உங்களுக்கும் கெட்ட பேர். மன்னிச்சிடுங்க"ன்னேன். என் வாயில இருந்து மன்னிப்புங்கிற வார்த்தை வர்றது எவ்வளவு அபூர்வம்னு அந்த ஹால்ல எல்லாருக்கும் தெரியும்.

அவர் நிமிர்ந்து பாக்கலை. "விடுங்க அண்ணி. மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும்"னார்.

எவ்வளவு பெருந்தன்மை பாருங்க. அன்னிக்கு நானும் அப்படித்தான் நினைச்சேன்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில நின்னு அழுதேன். அம்மா ஆபரேஷன் முடிஞ்சு என் வீட்டுலதான் இருந்தாங்க. தட்டித் தடவி வந்து என்னடின்னு கேட்டாங்க. "நானே என் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேம்மா"ன்னு எல்லாத்தையும் சொன்னேன். என் முதுகைத் தடவிக் கொடுத்தாங்க. "விடு, எல்லாம் நல்லதுக்குத்தான்"னாங்க.

வெள்ளிக்கிழமை மத்தியானம், விசாரணைக்கு வேணும்னு பழைய காகிதத்தை எல்லாம் ஒதுக்கினேன். மேசையில விரிச்சிருக்கிற அட்டைக்குக் கீழே நான் திங்கக்கிழமை மடிச்ச டம்மி இருந்துச்சு. எடுத்து விரிச்சுப் பாத்தேன். மடிச்சேன். மறுபடி விரிச்சேன். டம்மி சரியா இருந்துச்சு. பக்கவாட்டுத் திருப்பல். டம்மியைக் கண்ணு முன்னால வெச்சுக்கிட்டுதான் நான் கார்டு எழுதுவேன். இதைப் பாத்து அதை எழுத முடியாது. தூக்கத்துல கூட முடியாது.

லென்ஸ் சார்கிட்டப் போய்க் கார்டை இன்னொரு தடவை வாங்கினேன். இந்தத் தடவை திருப்பல் வரியை மட்டும் பாக்காம கார்டு முழுக்கப் படிச்சேன். எங்க ஜாப் கார்டு அரதப் பழசு. ஈய எழுத்துக் கோத்த காலத்துப் பெட்டி எல்லாம் இன்னும் அதுல இருக்கு. "அச்சுக் கோத்தவர்", "எழுத்துப் பெட்டி எண்". நாங்க யாரும் அதுல கை வைக்க மாட்டோம். பதினாறு வருஷத்துல அந்தப் பெட்டிங்களை நிரப்பின ஒரு கார்டு நான் பாத்ததில்லை. இந்தக் கார்டுல எல்லாப் பெட்டியும் நிரம்பியிருந்துச்சு. அச்சுக் கோத்தவர்: இல்லை. எழுத்துப் பெட்டி எண்: இல்லை. அழகா, கோட்டுக்கு மேலே, ஒவ்வொண்ணா.

பிரஸ்ஸுல வேலை பாக்கிறவ அப்படி எழுத மாட்டா. ஒரு பெட்டி காலியா இருந்தா டாக்டர் திட்டுவார்னு பயப்படுறவதான் எழுதுவா. என் தங்கச்சி பன்னெண்டு வருஷமா ஒரு கிளினிக்ல வரவேற்பு மேசையில உக்காந்து ஃபாரம் நிரப்புறா. சின்ன வயசுல என் பழைய நோட்டுக்கு மேலேயே எழுதி எழுதிப் பழகினவ. ஸ்கூல்ல டீச்சருக்கே எங்க ரெண்டு பேர் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அவ வீட்டுக்காரர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், அவரால என்னை மாதிரி ஒரு வரி எழுத முடியாது. அவளால முடியும்.

கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். லென்ஸ் சார் என்னம்மான்னார். ஒண்ணுமில்லை சார்னேன். டிராயரைத் திறந்து எண்ணிப் பாத்தேன். நாலு வெத்துக் கார்டுதான் இருந்துச்சு.

சனிக்கிழமை மத்தியானம் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். கட்டில்ல குவிச்சு வெச்ச துணியை மடிச்சுட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் முகம் வெளிறிப் போச்சு. நான் சுத்தி வளைக்கலை.

"அச்சுக் கோத்தவர், இல்லை. யாருடி எழுதினது?"

கையில இருந்த சட்டையை மடிச்சுக் கீழே வெச்சா. பொய் சொல்லலை, அது வரைக்கும் பரவாயில்லை.

"அவர் பேசிட்டே மாத்தித் திருப்பிட்டாரு. ஓடி முடிஞ்சப்புறம்தான் பாத்திருக்காரு. மூணாவது எச்சரிக்கை, அக்கா. வேலை போயிடும். உன் கார்டைக் கிழிச்சுட்டு, டிராயர்ல இருந்து ஒண்ணை எடுத்துட்டு என்கிட்ட ஓடி வந்தாரு."

"எங்க வெச்சு எழுதின?"

மடிச்சு வெச்ச சட்டையை எடுத்து மறுபடி உதறினா.

"எங்கடி?"

"ஆஸ்பத்திரியில. அம்மா கட்டில்கிட்ட உக்காந்து. அம்மா தூங்கிட்டு இருந்தாங்க."

அப்பதான் எனக்கு உறைச்சுது. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ரெண்டு பேரும் அம்மாவைப் பாக்க வந்தாங்க. "அக்கா, உன் பச்சைப் பேனாவைக் குடேன், ஒரு ஃபாரம் நிரப்பணும்"னு கேட்டா. அம்மாவோட ஃபாரம்னு நினைச்சு, என் பையில இருந்து நானே எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துட்டு, மாத்திரை வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்தப்ப மூடியைப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துட்டு, "நீ உக்காருக்கா, ரொம்பக் களைச்சுட்ட"ன்னு நாற்காலியை எனக்கு விட்டா. என் கழுத்தை அறுக்கிறதுக்கு என்கிட்டயே கத்தியைக் கேட்டு வாங்கி, துடைச்சுத் திருப்பியும் கொடுத்திருக்கா.

"ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"ன்னேன். என் குரல் எனக்கே கேவலமா இருந்துச்சு. "அக்கா, இப்படி ஆயிடுச்சு, நீ ஏத்துக்கோன்னு சொல்லியிருந்தா, அந்தக் கார்டை என் கையாலேயே எழுதியிருப்பேனேடி."

அது சத்தியமான வார்த்தை. திட்டியிருப்பேன், கத்தியிருப்பேன், எழுதியும் கொடுத்திருப்பேன்.

"தெரியும்க்கா. எழுதியிருப்ப"ன்னா. அவ அழலை. என்னை நேரா பாத்தா. "எழுதிட்டு ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவ. வேலை வாங்கிக் கொடுத்ததையே ஏழு வருஷமாச் சொல்லிக் காட்டுற. அவர் எங்க வீட்டுல சாப்பிட உக்காந்தாக்கூட, அண்ணி போட்ட சோறுன்னு அவருக்குத் தோணுதாம். அதுக்கு மேலே இதையும் எங்களால தாங்க முடியாது. தப்பு உன்னோடதுன்னு நீயே நம்பிட்டா, யாருக்கும் யார்கிட்டயும் கடன் இல்லைன்னு நெனச்சோம்."

பையை எடுத்துட்டு வெளிய வந்தேன். 

படியில இறங்கும்போது பின்னால வந்தா. "திங்கக்கிழமை ஒண்ணும் சொல்லிடாதக்கா. உனக்குப் போனா ஒரு நாற்காலி. எனக்குப் போனா குடும்பம்."

ஞாயித்துக்கிழமை பூரா அதையே நினைச்சேன். வாயை மூடிட்டு இருந்துடலாமான்னு நூறு தடவை யோசிச்சேன். அவ சொன்னது சரிதான், நான் சொல்லிக் காட்டுறவதான். இன்னிக்குப் பெரிய மனசு பண்ணி மூடினா, அடுத்த மாசமோ அடுத்த வருஷமோ, ஏதோ ஒரு சாப்பாட்டுப் பந்தியில அது என் வாயில இருந்து விழத்தான் போகுது. சொல்லத்தான் போறேன்னா, சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிடணும். அது மட்டும் இல்லை. என் பேரைக் கெடுத்துட்டு, அதை நானே நம்பினதையும் வேடிக்கை பாத்தாங்களே. மன்னிப்புக் கேட்டேனே நான். அந்த ஆள் ரோலரைத் துடைச்சுக்கிட்டே என்னை மன்னிச்சாரே. அதை நினைச்சா இப்பவும் உடம்பு எரியுது.

திங்கக்கிழமை கண்ணாடி அறைக்குள்ள நாலு பேர். பதிவாளர் ஆபீஸ் அதிகாரி, லென்ஸ் சார், நான், தங்கச்சி வீட்டுக்காரர். அதிகாரி கார்டை மேசையில வெச்சார்.

"இது நீங்க எழுதினதாம்மா?"

"கையெழுத்து நான் போட்டது சார். மத்தது என் தங்கச்சி எழுதினது."

டம்மியை வெச்சேன், நிரம்பின பெட்டியைக் காட்டினேன், வெத்துக் கார்டைப் பத்தியும் மறைக்காம சொன்னேன். தங்கச்சி வீட்டுக்காரர் சுவரைப் பாத்துட்டு நின்னார். அதிகாரி கேட்டதும், "அண்ணி சொல்றது நெசம்தான் சார்"னு மட்டும் சொன்னார். அவர் குரல்ல எனக்குக் கோபம் தெரியலை. பாரம் இறக்கினவன் குரல் மாதிரி இருந்துச்சு. அன்னிக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

என்கிட்ட அதிகாரி ரொம்ப மரியாதையாப் பேசினார். "நீங்க தப்பு பண்ணலைம்மா. ஆனா வெத்துக் கார்டுல கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கீங்க. அப்படி ஒருத்தரை மேனேஜர் நாற்காலியில உக்கார வைக்க எங்களால முடியாது, புரிஞ்சுக்குவீங்க." வெளிய இருந்து ஆள் எடுக்கப் போறாங்களாம். லென்ஸ் சார் பூதக்கண்ணாடியைக் கையில வெச்சு உருட்டிட்டு இருந்தார். வெத்துக் கார்டு அவருக்கும் தெரியும்னு அவரும் சொல்லலை, நானும் சொல்லலை.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தேன். அம்மா ஜன்னல் பக்கம் நாற்காலியில உக்காந்திருந்தாங்க. கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுற நேரம். மருந்தை எடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்து, நடந்ததை முதல்ல இருந்து சொன்னேன். கார்டு எழுதினது யாருன்னும் சொன்னேன். அம்மா ஐயோன்னு சொல்லலை. அப்படியான்னு கூடக் கேக்கலை. மடியில கையைக் கோத்துட்டு உக்காந்திருந்தாங்க.

"என்னம்மா, பேச மாட்டேங்கிற?"

"எனக்குத் தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"நான் தூங்கலை. நீ மாத்திரை வாங்கப் போயிருந்த. அவர் ஒவ்வொரு வரியாச் சொன்னாரு, இவ எழுதினா. கண்ணுதானே கட்டியிருந்தாங்க, காது நல்லாத்தானே இருந்துச்சு."

வியாழக்கிழமை அடுப்படியில என் முதுகைத் தடவின கையைப் பாத்தேன். நானே தப்பு பண்ணிட்டேன், நானே தப்பு பண்ணிட்டேன்னு எத்தனை தடவை அழுதிருப்பேன். அத்தனை தடவையும் கேட்டுட்டு இருந்திருக்காங்க.

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"நீ தாங்கிப்ப. அவ தாங்க மாட்டா"ன்னாங்க அம்மா. தயங்காமச் சொன்னாங்க, ரொம்ப நாளாவே முடிவு பண்ணி வெச்ச மாதிரி. அப்புறம் முகத்தை மேலே தூக்கி, சொட்டு மருந்துக்காகக் கண்ணைத் திறந்து காத்துட்டு இருந்தாங்க.

போட்டுவிட்டேன். இன்னும் பதினோரு நாளைக்குப் போடணும்.